மிஷின் சூடு

தன் சொந்த ஷெட்டுக்குள் நுழைவதற்கு மணி அடித்துக்கொண்டு வந்த முதலாளி என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஊர் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் பாலிதீன் ஷெட் இருந்தது. சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்திலேயே அவருடைய சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்துவிடும். பாதையில் ஆடு இல்லை, மாடு இல்லை, குறுக்கே வர மனிதர் இல்லை. ஆனாலும் விடாமல் அடித்துக்கொண்டே வருவார். வாட்ச்மேன் எழுந்து முண்டாசைச் சரிசெய்துகொள்வார். கதை பேசிக்கொண்டிருந்த நாங்கள் அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம். பீடிகள் அணையும். எல்லாம் ஒழுங்கான பிறகு அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒருமுறை இருமிவிட்டு உள்ளே வருவார்.

பந்தாவுக்கு அடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் சைக்கிள் பஞ்சராகி நடந்து வந்தார். மணி அடிக்க வழியில்லை. வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டார். எழுப்பவில்லை. வந்த வழியே பாதையின் முனைவரை திரும்பிப் போய், அங்கிருந்து, "இந்த வருசம் மழையவே காணோமே, காணோமே" என்று யாருமில்லாத சாலையிடம் சத்தமாகப் பேசிக்கொண்டு மறுபடி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த நானும் என்னோடு வேலை செய்தவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு மனுஷன் இவ்வளவு அசடாக இருப்பாரா என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. சவுதியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பல வருசம் உழைத்துவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு, மெட்ராஸில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய மிஷினை வாங்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார். எண்பதுகளின் தொடக்கம் அது. கடைகளில் காகிதப் பொட்டலம் குறைந்து பாலிதீன் கவர் வந்துகொண்டிருந்த காலம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள். யாராவது பொய் சொன்னால் அந்தக் காதுகள் சிவந்துவிடும்.

அவருடைய குணமே அதுதான். அடுத்தவன் வெட்கப்பட வேண்டியதற்கு இவர் வெட்கப்படுவார். செட்டிகுளத்திலிருந்து ஒரு மளிகைக்காரர் வருவார். வாங்கிப்போன பைகளில் ஒரு கட்டைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, "என்ன பாய், அடியில ஒட்டே நிக்கல. சர்க்கரையெல்லாம் கொட்டுது" என்பார். அடியை ஒட்டியவள் நான். எடுத்துப் பார்த்தால், ஒட்டு கல்லு மாதிரி நிற்கிறது. அதற்குச் சற்று மேலே பிளேடால் கீறிய கோடு தெரிகிறது. எனக்குக் கோபம் வந்து வாயைத் திறப்பதற்குள் பாய் பையை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "வேற தரேங்க, வேற தரேங்க" என்று புதுக்கட்டை எடுத்து நீட்டுவார். மளிகைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். பாய் தலையைக் குனிந்தபடியே பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டு வருவார்.

"ஏன் பாய், வெயில்கூட இல்லையே, எதுக்கு மூஞ்சி கழுவுறீங்க?" என்று வேண்டுமென்றே கேட்பேன்.

"மிஷின் சூடும்மா" என்பார்.

மிஷின் சூடாகத்தான் இருக்கும், அதில் பொய்யில்லை. அந்த மிஷினைப் பற்றிச் சொல்லாமல் பாயைப் பற்றிச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் மூட்டைகளில் குருணையாக வரும். அரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் அள்ளினால் சில்லென்று வழுக்கிக்கொண்டு ஓடும். அதை மேலே உள்ள தகரப் புனலில் கொட்ட வேண்டும். புனலுக்குக் கீழே ஓர் இரும்புக் குழாய். குழாய்க்குள் நீளத் திருகு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே சுற்றிலும் ஹீட்டர். திருகு தள்ளத் தள்ளக் குருணை உருகிப் பாகாகி, கடைசியில் வட்டமான இடுக்கு வழியாக மேல்நோக்கி வரும். காலையில் மிஷின் போட்டதும், அந்தப் பாகைக் கையுறை போட்ட கையால் பிடித்து, பக்குவமாக இழுத்து, மேலே உயரத்தில் இருக்கிற ரப்பர் உருளைகளுக்கு நடுவில் கொடுக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் பாகு பலூனாக உப்பும். ஆள் உயரத்துக்கு மேல் போகும் பலூன். அடியில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கொஞ்சம் மேலே போனதும் ஆறி லேசாகப் பனி படர்ந்ததுபோல மங்கும். அதன் பிறகுதான் அது பிலிம். உச்சியில் உருளைகள் அதை அமுக்கித் தட்டையாக்க, இரண்டு மடிப்புள்ள நீளத் துணியைப்போல இறங்கி வந்து உருட்டில் சுற்றிக்கொள்ளும். அந்த உருட்டுதான் என் மேஜைக்கு வரும். அளவுக்கு வெட்டி, சூட்டுக்கம்பியில் அடியை ஒட்டிப் பையாக்குவது என் வேலை.

காற்று கூடினால் பலூன் வெடிக்கும், குறைந்தால் தொய்ந்து விழும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு, குழாய்க்குள் இருப்பது அப்படியே கல்லாகிவிடும். இவ்வளவு முரட்டு மிஷினை அவ்வளவு மெதுவாகக் கையாளத் தெரிந்த மனிதருக்கு, எதிரே நிற்கிற ஒருவனைப் பார்த்து 'ஏண்டா பொய் சொல்றே' என்று கேட்கத் தெரியவில்லை. குருணை ஏஜெண்ட் திருச்சியிலிருந்து வருவான். புது மூட்டையில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குருணையைக் கலந்து அனுப்புவான். உருகும்போதே நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முறை அவன் வரும்போது பாய் கேட்பதெல்லாம், "அம்மாவுக்கு முட்டி வலி எப்படிப்பா இருக்கு?" என்பதுதான். எனக்கு எரிச்சலாக வரும். நல்லவர் என்று ஊரே சொல்லியது. இந்த நல்லதனத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. ஒருவனையும் தப்பு செய்தவனாக நிற்க விடமாட்டேன் என்கிற மனிதரிடம், எவன்தான் ஒழுங்காக இருப்பான்?

எங்கள் அண்ணன் இருக்கவில்லை.

மிஷினை ஓட்டியவன் அவன்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டிலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் அண்ணன். பாய்தான் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு அண்ணன் பாயிடம் சொல்லி என்னையும் சேர்த்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. கலகலப்பானவன், எனக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். சங்கடமே அதுதான்.

பாயின் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பல ஊர்களில் மிட்டாய்க் கடையும் மளிகைக் கடையும் உண்டு. கல்யாணம் முடிந்ததும் அத்தனை கடைக்கும் பை நம் ஷெட்டிலிருந்துதான் என்று பேச்சாகியிருந்தது. அது வந்தால் மிஷின் கடனில்லாமல் நிற்கும், இன்னொரு மிஷின்கூடப் போடலாம் என்று பாயே சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்தக் குடும்பத்துக்குத் தன் பை எப்படியிருக்கும் என்று காட்ட, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தம்ரூட் போட்டுக் கொடுக்க நம் பையே வேண்டும், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார். ரவையும் நெய்யும் போட்டுச் செய்கிற அந்த இனிப்பை எனக்கு முதன்முதலில் ருசி காட்டியது அவர் வீட்டார்தான்.

அதற்கு முன்னால் மிஷினில் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அரியலூர் பக்கம் முந்திரி நாற்று வைக்கிற கறுப்புப் பைகள். கறுப்பு ஓட்டிவிட்டு, நாங்கள் வெள்ளை என்கிற நிறமில்லாத பிலிமுக்கு மாறுவது லேசான காரியமில்லை. திருகின் இடுக்கில் ஒட்டிய கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். நல்ல குருணையைக் கொட்டிக் கொட்டி ஓட்டி, வருவதையெல்லாம் கழிவில் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். மிஷினைக் கழுவுவது என்போம். கண்ணுக்குத் தெளிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் கழுவ வேண்டும். பாய் அதற்கென்றே நல்ல குருணை மூட்டைகளைச் சுவரோரம் தனியாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மண்பாதையில் அவர் மணிச்சத்தம் கேட்பதற்குள் அந்த மூட்டைகள் சுவரோரத்தில் இல்லை. வாளி செய்கிற ஒருவனுடைய வண்டியில் ஏறிப் போயிருந்தன. பெயருக்கு ஒரு சுற்றுக் கழுவிவிட்டு அண்ணன் வெள்ளையைப் போட்டுவிட்டான். மணி அடித்து எச்சரித்துவிட்டு வருகிற முதலாளிக்குத் திருட்டு எப்படிக் கண்ணில் படும்? உருட்டு என் மேஜைக்கு வரும்வரை எனக்கும் தெரியாது.

அன்றைக்கென்று பார்த்து அண்ணனைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர் தன் பெண்ணுக்கு அண்ணனைக் கேட்டிருந்தார். மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மச்சினரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாய் அவர்களுக்குப் பெஞ்சு போட்டு, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். அண்ணன் அவர்கள் பார்க்கவென்றே சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு பலூனைக் கூட்டிக் குறைத்து வேடிக்கை காட்டினான். பெண்ணின் அப்பா வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிலிமை மேஜையில் இழுத்தேன். நடுவில் கறுப்பாக ஒரு நூல். தட்டிவிட்டேன், போகவில்லை. பிலிமுக்குள்ளேயே ஓடுகிறது. இன்னும் இழுத்தேன், சற்றுத் தள்ளி இன்னொன்று. வெட்டி எடுத்துக்கொண்டு பாயிடம் போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பாய் அதைப் பார்த்தார். பிறகு சுவரோரம் பார்த்தார். மூட்டைகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பார்த்துவிட்டான். இவர் பார்த்ததையும் அவன் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் என் அண்ணன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பாயின் காதுகள் தீயாகிவிட்டன.

"பாய், கறுப்பு ஓடுது" என்றேன்.

"மெதுவாப் பேசும்மா. பொண்ணு வூட்டு ஆளுங்க வந்திருக்காங்கல்ல."

"உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பை, பாய்."

"பையை யாரும்மா உத்துப் பாக்கப் போறா. உள்ள இருக்கிறதத்தான் பாப்பாங்க. நீ ஒட்டு."

பிலிம் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெஞ்சுக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவிடம், "தம்பி நல்ல வேலைக்காரங்க. உங்க பொண்ணு நல்லா இருக்கும்" என்றார். அப்புறம் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினார். அன்று வெகுநேரம் கழுவினார்.

அவர்கள் போன பிறகாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. திரும்ப ஓட்ட நல்ல குருணை இல்லை, திருச்சி ஏஜெண்டின் கலப்படம் இதற்கு ஆகாது, மெட்ராஸிலிருந்து வர நாளாகும். திருச்சிக்கு ஓர் ஆளை அனுப்பிக் கடையில் பை வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். பை மிஷின் வைத்திருப்பவன் ஏன் பை வாங்குகிறான் என்று நாலு பேர் கேட்பார்கள், பேச்சு கிளம்பும், அரியலூர்க்காரர் காதுக்குப் போகும், அண்ணனுடைய சம்பந்தம் முறியும். இதையெல்லாம் அவர் வாயால் சொல்லவில்லை. நானாகத்தான் விளங்கிக்கொண்டேன். வீட்டில் அன்று நான் அண்ணனிடம் கத்தினேன். "சும்மா கெட. நல்ல குருணையக் குப்பையில கொட்டச் சொல்றாரு. அதுக்கு யாராவது பிழைக்கட்டுமே" என்றான். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிச்சயத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேச ஆரம்பித்தாள்.

லப்பைக்குடிக்காட்டுக்கு நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் போனோம். நிக்காஹ் முடிந்து பிரியாணி நடந்துகொண்டிருந்தது. பந்தியிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்குத் தம்ரூட் பையைக் கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் வாங்கிய பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். "ரப்பே, முடி கெடக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் பையைப் பார்த்தார். அதிலும் இருந்தது. பிலிமில் ஓடிய கறுப்பு நூல், நெய் பட்ட பிலிம் இனிப்போடு ஒட்டிக்கொண்டதும், அச்சு அசலாகத் தலைமுடியாகத் தெரிந்தது. 'முடி', 'முடி' என்று பந்தல் முழுக்கப் பேச்சு. ஒருவர் பின் ஒருவராகப் பைகளைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இனிப்பைத் தின்ன ஆரம்பித்த ஒரு குழந்தையின் வாயில் விரலை விட்டு அதன் அம்மா வெளியே எடுத்தாள். பாயின் மனைவி ராத்தூக்கம் இல்லாமல் நின்று கிண்டிய இனிப்பு அது.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு பாயிடம் வந்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. "சம்பந்தி, இது உங்க ஷெட்டுல செஞ்ச பையா?"

"ஆமாங்க. முடி இல்லைங்க அது. மிஷினக் கழுவாம ஓட்டிட்டேன். குருணை வீணாப் போவுதேன்னு நான்தான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க."

பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போய்ச் சொல்லுண்ணா" என்றேன்.

"அவரே சொல்லிட்டாரே. நடுவுல நாம எதுக்கு?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். பாய் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவருடைய பெண் கதவோரம் முக்காட்டோடு நின்று அழுதுகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, மணமகளின் தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு குற்றவாளியாக நிற்பதை நான் பார்த்தேன். அதற்குக் காரணமானவன் என் ரத்தம். நெய் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது, உடம்பு கூசுகிறது.

அந்தக் கடைகளின் ஆர்டர் வரவில்லை. மகளை அவர்கள் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன், அதுவரை நிம்மதி. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? முடிக் கவர் பாய் என்று பெயர் வைத்தது. செட்டிகுளத்து மளிகைக்காரர்கூட, பிளேடால் கீறுகிறவர், "அவரு கிட்ட சுத்தம் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு வேறு இடம் போனார். கொஞ்ச காலத்தில் பாய் மிஷினை விற்றுவிட்டு மறுபடி சவுதிக்குப் போனார். அந்த வயதில். கடைசி நாளில்கூட மண்பாதை முனையிலிருந்து மணி அடித்துக்கொண்டுதான் வந்தார். உள்ளே நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். அண்ணன் கையைப் பிடித்து, "குடும்பத்தை நல்லாப் பாத்துக்கப்பா" என்றார். அண்ணனுக்குக் கல்யாணமாகியிருந்தது. அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. அங்கேயே மவுத்தாகிவிட்டார் என்று எப்போதோ யாரோ சொன்னார்கள்.

போன வருசம் அண்ணன் மகளுக்கு நிச்சயம். அரியலூரில் அண்ணன் வீடு. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலம் போட்ட பளபளப்பான கவரை ஒருவர் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அண்ணனுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது.

"நான் ஒரு காலத்துல இதே கவர் செய்யிற மிஷின் ஓட்டினவன்தான். எங்க மொதலாளி ஒரு பாய். மகா கஞ்சம். மிஷினக் கழுவ விடமாட்டாரு. கழுவணும் பாய், கழுவணும் பாய்னு நான் கெஞ்சுவேன். கேக்கணுமே. கடைசியில பாருங்க, சொந்தப் பொண்ணு கல்யாணத்துலயே மானம் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பொய் சொல்கிறான் என்றுகூட என்னால் நினைக்க முடியவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கு அப்படியேதான் நடந்திருக்கிறது. கண்ணில் ஒரு சின்னக் கூச்சமும் இல்லை. என் வாய் துடித்தது. எதிரே புதுச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகள் புதுப்புடவையில், அப்பா பேசுவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, நீயும் அங்கதானே இருந்தே?" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்தேன். காது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. திரும்பத் திரும்ப அடித்தேன், அடங்கவில்லை. காப்பி டம்ளர்களைக் கழுவ வந்த அண்ணி என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து கலர் குடித்தவரின் மகள்.

"ஏம்மா, உள்ள ஃபேன்கூட ஓடுதே. எதுக்கு இப்படி மூஞ்சியக் கழுவிக்கிட்டு நிக்கிறே?"

"மிஷின் சூடு அண்ணி" என்றேன்.

அண்ணி ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு டம்ளர்களைத் தண்ணீரில் போட்டாள். உள்ளே அண்ணன் அடுத்த கதையை ஆரம்பித்திருந்தான்.